12 புள்ளியில் 1: சென்னையின் எஃப்சி கால்பந்து அணிக்கு 2025-இல் வந்த பயிற்சியாளருக்கு ரசிகர்களின் திறந்த மடல்

பயிற்சியாளர் கிளிஃபோர்ட் மிராண்டா அவர்களுக்கு,

வணக்கம். சென்னை உங்களுக்குப் புதிதல்ல. 2020 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அரையிறுதிக்கு எஃப்சி கோவாவின் இடைக்காலப் பயிற்சியாளராக வந்து இங்கே 4-1 என்று தோற்றீர்கள். மறு ஆட்டத்தில் 4-2 என்று திருப்பிக் கொடுத்தும், 6-5 மொத்தக் கணக்கில் இறுதிக்குப் போனது நம் அணிதான். 2023-இல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கித் தந்தீர்கள். இந்தியப் பயிற்சியாளர் சரிப்படுவாரா என்று இழுப்பவர்களுக்கு அதற்கு மேல் பதில் தேவையில்லை. வாழ்த்து இவ்வளவுதான். வேலைக்கு வருவோம்.

2024-25 பருவத்தில் 24 ஆட்டங்களில் நாம் எடுத்தது 27 புள்ளிகள். 13 அணிகளில் 11-ஆவது இடம். ஆறாவதாக பிளே-ஆஃப் (முதல் ஆறு அணிகள் கோப்பைக்கு மோதும் சுற்று) நுழைந்த மும்பைக்கு 36. இடைவெளி 9. ஐந்தாம் இடம் பிடித்த ஜாம்ஷெட்பூரை அங்கே 5-1, இங்கே 5-2 என்று வென்றோம். கடைசி இடத்து முகமதன் ஸ்போர்ட்டிங்கிடமோ சொந்த மண்ணில் 0-1 தோல்வி. கொல்கத்தாவில் 2-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு கடைசி நிமிடங்களில் 2-2. கேரளா பிளாஸ்டர்ஸிடம் கொச்சியிலும் சென்னையிலும் மும்மூன்று கோல் வாங்கித் தோற்றோம். வெற்றிக்கு 3 புள்ளி; பிளே-ஆஃப் எட்டாத இந்த இரண்டு அணிகளிடம் ஆடிய நான்கு ஆட்டங்களின் 12 புள்ளியில் நமக்குத் தேறியது 1. ஆறாம் இடம் இங்கேதான் போனது.

எதிரணி மேலேறி வந்தால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இடம் கிடைக்கும். அதில் ஓடி அடிப்பது நமக்கு வரும். பத்துப் பேரும் பாக்ஸ் (கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதி) முன்னால் குவிந்து நின்றால்தான் திணறல். பந்து ஒரு ஃபுல் பேக்கிடமிருந்து (ஓரத் தடுப்பு வீரர்) சென்டர் பேக் (நடுத் தடுப்பு வீரர்) வழியாக அடுத்த ஃபுல் பேக்குக்கு லாட வடிவில் சுற்றும். நான்கு பாஸில் பக்கம் மாற்றுவதற்குள் எதிரணி நகர்ந்து நின்றுவிடும். கடைசியில் பொறுமை போய் 35 மீட்டரிலிருந்து ஒரு கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் தூக்கிப் போடும் பந்து). உயரமான சென்டர் பேக்குக்கு அது அல்வா.

பக்கம் மாற்ற இரண்டு பாஸ் போதும், நடுவில் திரும்பி ஆடத் தெரிந்த ஒருவர் இருந்தால். விங்கர் (ஓரத்து முன்கள வீரர்) பக்கக் கோட்டை ஒட்டி நிற்கட்டும். ஃபுல் பேக் உள்ளே, விங்கருக்கும் நடுக்களத்துக்கும் இடையில் வரட்டும். கிராஸைவிட, கோல் கோடு வரை போய் பெனால்டி புள்ளிப் பக்கம் பின்னோக்கித் தரையோடு தரும் பந்துதான் கோலாகும். இரண்டு ஃபுல் பேக்கும் ஒரே நேரத்தில் ஏறவே கூடாது: பின்னால் மூவர், அவர்களுக்கு முன்னால் இருவர். இல்லாவிட்டால் தவறிய ஒரு பாஸே எதிரணிக்குக் கோல்.

முன்னிலையைக் காப்பது தனிப் பாடம். சென்னைப் புழுக்கத்தில் 65-ஆவது நிமிடத்துக்கு மேல் கால் வராது. தடுப்பு வரிசை பாக்ஸுக்குள் இறங்கும், உதைத்தனுப்பும் பந்து அப்படியே திரும்பி வரும். மாற்று வீரர்கள் ஐவர், ஆட்டத்தின் நடுவே அவர்களை இறக்கும் வாய்ப்பு மூன்று முறைதான். முதல் இருவரை 65-இல் இறக்குங்கள். ஒரு வாய்ப்பை 85-க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஓடக்கூடிய ஒருவரை மேலேயே நிறுத்துங்கள். எல்லாரையும் கீழே இழுப்பது பாதுகாப்பு போலத் தெரியும், ஆனால் அல்ல.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. களத்தில் நிற்கக்கூடிய வெளிநாட்டு வீரர் நால்வரில் ஒருவர் சென்டர் பேக், ஒருவர் நடுக்களத்தில் நாம் மேலே கேட்ட ஆள். இரண்டு வெளிநாட்டு ஸ்ட்ரைக்கருக்கு (கோல் அடிக்கும் முன்கள வீரர்) பணம் கொட்டாதீர்கள். ஓர் இந்திய ஸ்ட்ரைக்கருக்கு ஆட்ட நிமிடங்கள் கிடைக்கட்டும். உள்ளூர் ஆட்களையும் வெளியே போன பிறகு தேட வேண்டாம். 2023 டூரண்ட் கோப்பையின் கொல்கத்தா டெர்பியில் (ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் மோதும் ஆட்டம்) வெற்றி கோல் அடித்த நந்தகுமார் சேகர் சென்னைக்காரர். சட்டை மட்டும் ஈஸ்ட் பெங்காலுடையது.

2025-இல் நீங்கள் வந்தபோது லீக் எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தமே அந்த டிசம்பரில் முடிவதாக இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் தேதி வரும்வரை அடிப்படை ஓட்டமும் உடல் வலுவும் போதும். தேதி வந்ததும் பின்னோக்கி ஆறு வாரம் எண்ணித் தொடங்குங்கள். முன்கூட்டியே முழு வேகம் ஏற்றினால் முதல் மாதத்திலேயே தொடைத் தசை பிடிக்கும். ஆட்ட நேரம் 45, 60, 75, 90 என்று ஏறட்டும்.

நட்பு ஆட்டங்களுக்கு ஐஎஸ்எல் அணிகளையே தேட வேண்டாம். சென்னையின் உள்ளூர் லீக்கான சீனியர் டிவிஷன் அணிகளைக் கூப்பிடுங்கள். அவர்கள் பத்துப் பேரும் பின்னால்தான் நிற்பார்கள். நமக்கு வேண்டிய பயிற்சி அதுதான்.

இப்படிக்கு,
மெரினா அரங்கின் (நேரு விளையாட்டரங்கம்) ரசிகர்கள்