ஒவ்வொரு ‘நாம்’ எத்தனை பேர்? – பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அயல்மொழிக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவரும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஸ்லோவேனியக் கவிஞர் அலெஷ் ஷ்டேகரின் ‘பொருள்களின் புத்தகம்’ முழுத் தொகுப்பாகத் தமிழில் வர வேண்டும். அது எந்த வழியாக வர வேண்டும் என்பதைப் பற்றியே இந்த மடல்.

அவர் பெயரை நான் முதலில் அறிந்தது கொச்சியில். 2016 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில், ஆஸ்பின்வால் ஹவுஸ் வளாகத்தில், நாடு துறக்க நேர்ந்த கவிஞர்களுக்காக ஒரு பிரமிடு எழுப்பியிருந்தார். வெளிப்புறம் முழுக்கச் சாணப் பூச்சு. உள்ளே கும்மிருட்டு. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். ஓவிட், பிரெக்ட், மஹ்மூத் தர்வீஷ் எனச் சொந்த மண்ணை விட்டுப் பிரிந்தவர்களின் வரிகள் இருட்டுக்குள் ஒலித்தன. பல குரல்களின் மொழி எனக்குப் புரியவில்லை. சாண வாடை மட்டும் பாட்டி வீட்டுத் திண்ணையை நினைவூட்டியது. வெயிலுக்கு வந்து கண் கூச நின்றபோதே இவரைத் தேடிப் படிப்பதென்று முடிவு செய்துவிட்டேன்.

1973இல் ப்துய் நகரில் பிறந்தவர். முதல் தொகுப்பு 1995இல் வந்தது. பெலெத்ரினா பதிப்பகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். ஸ்பானிய மொழிக் கவிஞர்களான நெரூதாவையும் வயேஹோவையும் தம் மொழிக்குக் கொண்டுசென்றவர். அதாவது, உங்கள் தொழிலின் பாடுகளை உள்ளிருந்து அறிந்தவர்.

2005இல் வெளியான ‘பொருள்களின் புத்தக’த்தில் ஐம்பது கவிதைகள். முட்டை, கல், துருவி, குடை, ரொட்டி, உப்பு எனக் கைக்கெட்டும் பொருள்கள்தாம் எல்லாம். வாணலி விளிம்பில் தட்டி உடைக்கும் முட்டைக்குச் சாகும் நேரத்தில் ஒரு கண் முளைக்கிறது. அது நம்மைப் பார்க்கிறது. படித்த மறுநாள் காலை ஆம்லெட் போட நின்றவன், முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே இருந்துவிட்டேன். பிரையன் ஹென்றியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல் அமெரிக்காவின் சிறந்த மொழிபெயர்ப்பு நூல் விருதைப் பெற்றது. நானும் அதில்தான் படித்தேன். நல்ல மொழிபெயர்ப்பு. ஆனாலும் தமிழுக்கு அது மட்டும் போதாது.

இருபது லட்சத்துச் சொச்சம் பேர் பேசும் ஸ்லோவேனிய மொழியில் ஒருமை, பன்மையோடு இருமையும் உயிரோடு இருக்கிறது. ‘மித்வா க்ரேவா’ என்றால் இருவர் போகிறோம். ‘மி க்ரேமோ’ என்றால் மூவரோ அதற்கு மேலோ போகிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் ‘வி’ (we) என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இறந்த காலத்தில் ‘நான் போனேன்’ என்னும்போதே சொன்னது ஆணா பெண்ணா என்பதும் வினையில் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்தத் தடயமும் இல்லை. தமிழிலோ ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் நம்பி உட்காரும் மொழிபெயர்ப்பாளர் குருட்டாம்போக்கில்தான் தேர்வார். காதலர் இருவரின் கிசுகிசுப்பை ஊர்க் கூட்டத்தின் குரலாக்கிவிடும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆகவே, தமிழ்க் கவிஞர் ஒருவரையும் ஸ்லோவேனியம் அறிந்த ஒருவரையும் சேர்த்து அமர்த்துங்கள். இருவருக்கும் ஊதியம் கொடுங்கள். இருவர் பெயரையும் அட்டையில் போடுங்கள். ஸ்லோவேனியப் புத்தக முகமை அயல்மொழி மொழிபெயர்ப்புகளுக்கு நிதியுதவி தருகிறது, விண்ணப்பியுங்கள். முதலில் ‘முட்டை’ ஒன்றை மட்டும் செய்து பார்க்கலாம். மூலத்தை ஸ்லோவேனியம் அறிந்தவர் வாய்விட்டுப் படிக்கட்டும், கவிஞர் கேட்கட்டும். பிறகு வரி வரியாக, ஒவ்வொரு ‘நாம்’ வரும்போதும், எத்தனை பேர் என்று கேட்டு எழுதட்டும்.

அன்புடன்,
ஒரு கவிதை வாசகன்