வடமாகாண சுகாதாரப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் துணையாகக் கிளினிக் போய்வருகிற ஒருத்தி எழுதுகிறேன். மருந்து கிடைக்கவில்லை என்று முறையிட வரவில்லை. 2004 இலிருந்து இந்த நாட்டில் அது இலவசம். விடாமல் குடித்தால் இரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறையும், உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. ஆனால் விடாமல் குடிக்க மனம் ஒத்துழைக்க வேண்டுமே.

எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி குளிசைப் போத்தல் கிலுங்காமலிருக்க உள்ளே பஞ்சு அடைத்து வைக்கிறாள். லேபிளை நகத்தால் சுரண்டிவிட்டாள். நித்திரை இல்லை, சாப்பாடும் இறங்குவதில்லை. மனநலப் பிரிவுக்குக் கொடுத்த கடிதம் கைப்பைக்குள்ளேயே கிடக்கிறது. "ஒண்டை மறைக்கவே சீவன் போகுது அக்கா, இனி விசர் எண்ட பேரும் வேணுமோ?" என்கிறாள். பிழை சொல்ல முடியுமா? யாழ்ப்பாணத்தில் எந்தக் கிளினிக் வாங்கிலும் கொஞ்ச நேரம் இருந்தால் சொந்தக்காரர் ஒருவராவது வந்து விசாரிப்பார்.

மனநலப் பிரிவுக்குப் போகிறவர்களும் அங்கே எச்.ஐ.வி. மருந்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. இதில்தான் ஆபத்து. மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் கார்பமசெபைன், எச்.ஐ.வி. மருந்தான டொலுடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் டொலுடெக்ராவிரை நாளுக்கு இருமுறை கொடுக்க வேண்டிவரும். சிலருக்கு டொலுடெக்ராவிராலேயே நித்திரை கெடும், காலையில் குடித்தால் சரியாகவும் கூடும். பழைய எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸ் கெட்ட கனவும் மனச்சோர்வும் தரும். அந்தப் பிள்ளையின் நித்திரையைக் கெடுத்தது குளிசையா, கவலையா? இரண்டு கிளினிக் கொப்பியையும் ஒருவர் சேர்த்துப் பார்த்தால்தானே தெரியும்.

ஆகவே கேட்கிறேன்: மாதத்தில் ஒரு நாளாவது மனநல வைத்தியர் ஒருவர் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கே வரட்டும். மருந்து எடுக்கப் போகும் அதே வாசல், அதே முகங்கள். புதிதாக நோய் தெரியவந்தவர்களை அவர் முதலில் பார்க்கட்டும். மற்ற நாட்களில் தாதியர் மனச்சோர்வு இருக்கிறதா என்று அறியக் கேட்கும் ஒன்பது கேள்விகளைத் தமிழில், கதவைச் சாத்திவிட்டுக் கேட்கலாம். கடைசிக் கேள்வி செத்துப்போகலாம் என்ற நினைப்பைப் பற்றியது. அதற்கு ஒருவர் ஓம் என்று சொன்னால் அன்றைக்கே பேச ஆள் வேண்டும். அடுத்த மாதத் திகதி போட்ட துண்டோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
துணைக்கு வரும் அக்கா ஒருத்தி,
யாழ்ப்பாணம்