புகார் பொத்தானுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

சமூக ஊடகங்களுக்குச் சட்டம் எழுதும் மக்கள் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

என் தோழியின் பெயரிலும் படத்திலும் யாரோ போலிக் கணக்கு தொடங்கி, அவளுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அசிங்கமான செய்திகள் அனுப்பினார்கள். நாங்கள் பதினோரு பேர் புகார் செய்தோம். எல்லோருக்கும் ஒரே பதில்: 'இது எங்கள் விதிகளை மீறவில்லை.' செய்திகள் எங்கள் மொழியில் இருந்தன. அந்த மொழி தெரிந்த ஒருவராவது அவற்றைப் படித்தாரா? தெரியாது. கடைசியில் அவள் தன் உண்மைக் கணக்கை மூடிவிட்டாள். போலி இன்னும் இருக்கிறது.

சட்டம் என்று பேச்செடுத்தாலே, எத்தனை மணி நேரத்தில் நீக்குவது என்பதில்தான் விவாதம் போய் நிற்கிறது. அமெரிக்காவில் 2025இல் வந்த சட்டம், சம்மதமின்றிப் பரப்பப்படும் அந்தரங்கப் படங்களை 48 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்கிறது. சரி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கருத்துகளுக்கும் அதே கெடு வைத்தால், அபராதத்துக்குப் பயந்து நிறுவனங்கள் சந்தேகமான எல்லாவற்றையும் நீக்கும். அதிகாரத்தைக் கேள்வி கேட்கிறவர்களின் பதிவுகள்தான் முதலில் போகும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறைவேற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். பதிவை நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும். அந்த முடிவை எதிர்த்து முறையிட்டால், இயந்திரம் மட்டுமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. சிறுவர்களின் தனி விவரங்களை அலசி அவர்களுக்கு விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 6% வரை அபராதம். இன்னொன்றும் இருக்கிறது, யாரும் அதிகம் பேசாதது: மிகப் பெரிய தளங்கள், பதிவுகளைப் பரிசீலிக்க எந்த மொழிக்கு எத்தனை பேரை வைத்திருக்கின்றன என்று வெளியிட வேண்டும். ஆனால் ஒன்றியத்தின் ஆட்சி மொழிகளுக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு.

நான் கேட்பது அதைத்தான். ஒரு மொழியில் சேவை நடத்தி விளம்பரக் காசு வாங்குகிற நிறுவனம், அந்த மொழியில் புகாரைப் படிக்க எத்தனை பேரை அமர்த்தியிருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். ஒருவரும் இல்லையென்றால், பூஜ்யம் என்றே அச்சாகட்டும். அப்புறம், சிறுவர் கணக்குகளுக்கு முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாதபடி தொடக்கத்திலேயே அடைத்து வைக்கச் சொல்லுங்கள். கணக்கின் அமைப்புகளுக்குள் (settings) தேடிப் போய் அடைக்கும் வேலையைக் குழந்தையின் தலையில் கட்டாதீர்கள்.

பதினோரு புகார்களுக்கும் வந்த பதில்களை எடுத்து வைத்திருக்கிறேன். வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கும் நாளில் அவற்றை உங்களுக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பயனர்