கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்,

பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடவிடாமல் அடம் பிடிக்கிறார், உனக்குத் தெரியாததா. மற்றதெல்லாம் அப்பா சொல்லியிருப்பார்.

உங்கள் பல்கலைக்கழகப் போலீஸ் தினக் குற்றப் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என்ன குற்றம், எப்போது நடந்தது, எப்போது புகார் வந்தது, ஏறக்குறைய எந்த இடம், இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எல்லாம் இருக்கும். புகார் வந்து இரண்டு வேலை நாளுக்குள் எழுத வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன். பெரும்பாலும் சைக்கிள் திருட்டு, லேப்டாப் திருட்டு. போன மாதம் ஒரு வரி வந்தது: பின்தொடர்ந்து தொல்லை, முதுகலை மாணவர் குடியிருப்பு. நடந்த தேதிக்கும் புகார் தேதிக்கும் நடுவே மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அந்தப் பிள்ளை யாரிடம் பேசியிருக்கும், எப்படித் தூங்கியிருக்கும் என்றே மனசு போகிறது. பெயர் போட மாட்டார்கள். நானும் உன்னிடம் கேட்கவில்லை.

பல்கலைக்கழகம் வெளியிடும் ஆண்டுக் குற்ற அறிக்கையில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதே என்கிறார் அப்பா. கேம்பஸுக்கு வெளியே தனியார் வீடுகளில் நடப்பது அந்தக் கணக்கில் வராது. சொல்லாமல் விட்டதும் வராது.

கீழ்க் கதவைத் திறந்து நிறுத்தி வைக்காதே. நீ அனுப்பிய போட்டோவில் அட்டைப்பெட்டி முட்டுக்கொடுத்திருந்தது. குற்றங்களை வெளியே சொல்லச் சொல்லும் அந்தச் சட்டமே ஜீன் கிளெரி என்ற பெண்ணால் வந்ததுதான். 1986-ல் லீஹை பல்கலைக்கழக விடுதியில், தன் அறையிலேயே கொல்லப்பட்டாள். 19 வயது. தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை யாரோ திறந்து நிறுத்தியிருந்தார்கள், கொன்றவன் அந்த வழியாக வந்தான். பெற்றவர்கள் விடாமல் போராடி 1990-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த அம்மாவை நினைக்காத நாள் இல்லை எனக்கு.

அப்புறம், தெரிந்துகொள். உன் தோழிகள் யாருக்காவது உதவும். இப்படித் தொல்லைக்கு ஆளானவர் போலீஸுக்குப் போகலாம், பல்கலைக்கழகத்தின் துணையோடு போகலாம், போக வேண்டாம் என்றும் இருக்கலாம். முடிவு அவருடையது. போலீஸுக்குப் போகாவிட்டாலும் வீடு மாற்ற, வகுப்பு மாற்ற, போய்வரும் ஏற்பாட்டை மாற்ற உதவி கேட்கலாம். என்னென்ன உரிமை என்று எழுத்தில் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. விடுதிப் பொறுப்பாளரிடம் சொன்னால் அவர் மேலே தெரிவித்தாக வேண்டும். ரகசியமாகப் பேச வேண்டுமென்றால் மனநல ஆலோசகரிடம் போக வேண்டும். புகார் கொடுத்தால் விசா போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே. குற்றத்தைச் சொல்வது விசா விதியை மீறுவது ஆகாது. வந்த மெசேஜ் எதையும் அழிக்கக் கூடாது. தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும்.

பஸ்ஸில் அந்த ஆளின் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டவள் நீ. பதினொன்றாவது படிக்கும்போது. ஊரே பேசியது, எனக்கு எவ்வளவு பெருமை. அன்று வீட்டுக்கு வந்ததும் என்னிடம்தானே முதலில் சொன்னாய்? இப்போது போனில் "எல்லாம் சரிம்மா" என்ற இரண்டு சொல்லோடு முடித்துவிடுகிறாய். வீடியோ வேண்டாம் என்கிறாய். எனக்குத் தாங்காது என்று நீயாக முடிவு செய்யாதே, கயல்.

கீழ்க் கதவு ஞாபகம் இருக்கட்டும். லேபிலிருந்து இருட்டில் தனியாக நடக்காதே, துணைக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடு அங்கே இருந்தால் கூச்சப்படாமல் கூப்பிடு. அவசரம் என்றால் 911.

வேறு வீடு பார்க்க முன்பணம் வேண்டியிருந்தால் அப்பாவிடம் கேட்க வேண்டாம், எனக்கு ஒரு மெசேஜ் போடு. காரணம் கேட்காமல் அன்றைக்கே அனுப்புகிறேன்.

அம்மா