தமிழ் அர்த்தம் தப்பு, பணத்தைத் திருப்பித் தாருங்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: உங்கள் ஆங்கிலச் சொல் செயலியில் உள்ள பிழைகள்

வணக்கம்.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வுக்குப் படிக்கலாம் என்று போன மாதம் உங்கள் செயலிக்கு 1,499 ரூபாய் கட்டினேன். கடினமான சொற்களுக்குத் தமிழிலேயே அர்த்தம் என்று போட்டிருந்ததை நம்பித்தான் கட்டினேன். நேற்று ஒரு மாதிரித் தேர்வில் 'எனர்வேட்' வந்தது. செயலியில் உள்ள உங்கள் சொல் அட்டையைப் பார்த்து மனப்பாடம் செய்தபடி 'உற்சாகமூட்டு' என்று நினைத்துப் பதில் போட்டேன், போச்சு. எனர்ஜி மாதிரி இருக்கிறதே என்று யாரோ குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார்கள் போல. உண்மையில் அதற்கு நேர் எதிர், உடம்பில் உள்ள தெம்பை எல்லாம் உறிஞ்சிச் சோர வைப்பது. செண்டென்ஸ் ஈக்விவலன்ஸ் கேள்வியில், அதாவது வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில், ஆறு சொற்களில் சரியான இரண்டையும் எடுத்தால்தான் மார்க், ஒன்று மட்டும் சரி என்றால் பாதி மார்க் எல்லாம் கிடையாது.

சந்தேகம் வந்து அகராதியும் கையுமாக ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்தேன். 'நாய்சம்' என்றால் 'இரைச்சலான' என்கிறீர்கள். நாய்ஸுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அது குமட்டுகிற நாற்றம். 'பெனல்டிமேட்' கடைசிக்கு முந்தையது, நீங்கள் போட்டிருப்பதோ 'உச்சக்கட்டமான'. 'டிஸின்ட்ரஸ்டட்' அட்டையைப் பார்த்துச் சிரிப்பே வந்துவிட்டது. நீதிபதி பக்கச் சார்பில்லாமல் இருக்க வேண்டும் என்ற உதாரண வாக்கியத்தை 'நீதிபதிக்கு வழக்கில் ஆர்வமே இருக்கக்கூடாது' என்று தமிழாக்கியிருக்கிறீர்கள். தூங்கிவிடலாமா அவர்? 'எபிடமி'யை ஒலிப்பதிவில் 'எப்பிடோம்' என்று வாசிக்கிறார்கள், அதைக் கேட்டுக் கேட்டு நானும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

இதெல்லாம் போதாதென்று எதிர்ச்சொல் பயிற்சி என்று தனியாக 40 தேர்வுகள். அந்த வகைக் கேள்வியை ஜிஆர்இ-யில் இருந்து 2011-லேயே எடுத்துவிட்டார்கள். நான் ஒரு வாரம் அதில் வீணடித்தேன்.

உங்கள் உதவி எண்ணில் சொன்னேன். 'செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்' என்றார்கள். மறுபடி நிறுவினால் அர்த்தம் மாறிவிடுமா, சொல்லுங்கள்.

கட்டணம் முழுவதும் ஏழு நாளுக்குள் என் கணக்குக்கு வர வேண்டும், இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ரசீதையும் தவறான அட்டைகளின் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் இணைத்திருக்கிறேன். இதுவரை 23 அட்டைகள், 'எம்' எழுத்துக்கு மேல் நான் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. அந்த எனர்வேட் அட்டையை மட்டுமாவது இன்றைக்கே திருத்திவிடுங்கள், இந்த வாரம் தேர்வு எழுதப் போகிறவர்கள் யாராவது இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓராண்டுச் சந்தா கட்டிய வாடிக்கையாளர்