ரத்தம் எடுக்க வந்த உங்கள் ஊழியருக்கு ஊசி குத்தியது குறித்துப் புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வீட்டில் ரத்த மாதிரி சேகரிக்கும் பிரிவு

ஐயா,

வணக்கம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. அதற்கான ரத்தப் பரிசோதனையை உங்கள் ஆய்வகத்தில்தான் தொடர்ந்து செய்துவருகிறோம். ரிசல்ட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ரத்தம் எடுக்க வரும் பிள்ளைகளை எந்தப் பாதுகாப்பும் கொடுக்காமல் அனுப்புகிறீர்களே, அதற்குத்தான் இந்தப் புகார்.

போன வாரம் சூரம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்த தம்பி கையில் உறை இல்லை. சிரிஞ்சில் ரத்தத்தை எடுத்தார். டியூபை இடது கையில் பிடித்துக்கொண்டு அதன் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி ரத்தத்தை இறக்கினார். அப்புறம் அதே ஊசிக்கு மூடி மாட்டப் போனார். மூடி நழுவி, ஊசி கட்டைவிரலில் ஏறிவிட்டது. விரலை வாயில் வைக்கப் போனவரைத் தடுத்து, குழாயடிக்குக் கூட்டிப்போய், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவ வைத்தேன். காயத்தைப் பிதுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அவர் அடுத்து ஏற இருந்த வீட்டில் இதைச் சொல்ல யார் இருந்திருப்பார்கள்?

"மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி போட்டிருக்கியா கண்ணு?" என்று கேட்டேன்.

"அப்படி ஒண்ணும் போடலீங்கம்மா."

"ஊசி போடற டப்பா எங்கே?"

"அது குடுக்கலீங்கம்மா. பேப்பர்ல சுத்தி வீட்டுக் குப்பையிலயே போட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க."

உங்கள் வாடிக்கையாளர் எண்ணுக்கு உடனே போன் செய்தேன். எடுத்தவர் ரிப்போர்ட் சாயங்காலம் வந்துவிடும் என்றார். ஊசி குத்திய ஊழியர் எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் நாங்களே அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். என் வீட்டுக்காரர் சம்மதித்து, நம்பிக்கை மையத்தில் எச்ஐவிக்கும், கூடவே மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள் இரண்டுக்கும் ரத்தம் கொடுத்தார். எதுவும் இல்லை என்று வந்தது. தம்பிக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டு அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டு ரத்தத்தில் ஒன்றும் இல்லை, சரி. எல்லா வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று யார் சொல்வது? ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாதவருக்குக் குத்தினால் 100 பேரில் 6 முதல் 30 பேருக்குத் தொற்றும். எச்ஐவி என்றால் 1,000 பேரில் 3 பேருக்கு. அதற்கான தடுப்பு மாத்திரையை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். போனில் ரிப்போர்ட் நேரம் மட்டும் சொல்லத் தெரிந்தவரை நம்பி இருந்தால் அந்த நேரம் கைவிட்டுப் போய்விடும். ஹெபடைட்டிஸ் சிக்கோ தடுப்பூசியே கிடையாது. ஊசி குத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி.

குப்பைக்குப் போகும் ஊசியையும் விட மனம் வரவில்லை. எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று கையால்தான் பிரிக்கிறார். காய்ந்துபோன ரத்தத்தில்கூட ஹெபடைட்டிஸ் பி கிருமி குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். பேப்பரில் சுற்றிய ஊசி அவர் உள்ளங்கையில் ஏறினால், அது எந்த வீட்டு ஊசி என்றுகூட அவருக்குத் தெரியப்போவதில்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் ரத்தப் பரிசோதனை ஆய்வகங்களுக்கும் பொருந்தும். ஊசிகளை, குத்தினாலும் துளைக்காத, ஒளி ஊடுருவும் வெள்ளை டப்பாவில் போட வேண்டும். கழிவைக் கையாளும் ஊழியருக்கு ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் வருடா வருடம் பயிற்சியும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் ஆத்திரம் வந்தது. அன்று மருத்துவமனைக்குப் போனதால் மீதி வீடுகளுக்கு அவரால் போக முடியவில்லை. அதற்காகச் சம்பளத்தில் பிடித்திருக்கிறீர்கள். ஊசி குத்தினால் சொல்லாமல் மறைத்துக்கொள் என்று மற்ற பிள்ளைகளுக்கும் நீங்களே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு மூத்த பிள்ளை, குடும்பம் இந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறது.

பிடித்த சம்பளத்தை முதலில் திருப்பிக் கொடுங்கள். இந்தக் கடிதத்தைக் காரணம் காட்டி அவரை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. அவருடைய மீதித் தடுப்பூசித் தவணைகளுக்கும் மறுபரிசோதனைக்கும் ஆகும் செலவும், அதற்கான சம்பளத்தோடு கூடிய விடுப்பும் உங்கள் பொறுப்பு. ரத்தம் எடுக்கப் போகும் ஒவ்வொருவர் பையிலும் கையுறையும் ஊசி டப்பாவும் இருக்க வேண்டும். டியூபைக் கையில் பிடித்துக் குத்தத் தேவையில்லாதபடி, ரத்தத்தை நேராக டியூபுக்குள் இழுக்கும் ஊசியையும் ஹோல்டரையும் கொடுங்கள். குத்திவிட்டால் எந்த நேரமும் கூப்பிட ஒரு போன் எண் வேண்டும், அதை எடுப்பவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். இதற்காகக் கட்டணத்தில் கொஞ்சம் கூட்டினாலும் நான் தருகிறேன்.

எடுத்த நடவடிக்கையை 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். வராவிட்டால் இந்தக் கடிதத்தின் நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் அனுப்புவேன். பேப்பரில் சுற்றிய அந்த ஊசியைத் தடிமனான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, தனியாக வைத்திருக்கிறேன். உரிய டப்பாவோடு ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சூரம்பட்டி, ஈரோடு