காலை நேர வயிற்றுவலி: 9 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றை முறுக்குகிறது, இரண்டு மூன்று தடவை கழிப்பறைக்குப் போய்வந்தால் கொஞ்சம் அடங்குகிறது, லீவு நாளில் அவ்வளவாக இல்லை. உங்கள் பிள்ளை இப்படிச் சொன்னால் 'பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறான்' என்று தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். மாதத்தில் குறைந்தது 4 நாளாவது வலி வந்து, அது மலம் கழிப்பதோடு சேர்ந்தோ மலத்தின் தன்மை மாறுவதோடு சேர்ந்தோ இருந்து, 2 மாதத்துக்கு மேல் நீடித்தால், டாக்டர்கள் குடல் எரிச்சல் நோயை நினைப்பார்கள். சீட்டில் ஐ.பி.எஸ். (IBS) என்று எழுதுவார்கள்.

இதில் குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. குடலுக்கென்று ஒரு நரம்பு வலை உண்டு, அது மூளையோடு ஓயாமல் தொடர்பில் இருக்கிறது. அந்த நரம்புகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடும்போது, மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாத சிறு வாயுகூட இந்தப் பிள்ளைக்கு வலியாகிறது. பலருக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு ஒன்று வந்துபோன பிறகு இது தொடங்கும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலியே இல்லை என்றாகிவிடாது.

ஆனால் முதலில் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். மலத்தில் ரத்தம், எடை குறைதல், வளர்த்தி நின்றுபோதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ஓயாத வாந்தி, மூட்டு வலி, வலது அடிவயிற்றில் ஒரே இடத்தில் வலி, ரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது குடல் நோய் இருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். கம்பம் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். அவர்கள் அனுப்பினால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். 104 எண்ணில் கூப்பிட்டும் ஆலோசனை கேட்கலாம்.

அதன் பிறகு உங்கள் வேலை, எது வலியைத் தூண்டுகிறது என்று கண்டுபிடிப்பது. பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். கடைசியாக என்ன தின்றானோ அதன்மேல் பழி விழுகிறது. பிறகு பால் கூடாது, முட்டை கூடாது, பருப்பு கூடாது என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, வளரும் பிள்ளை ரசஞ்சோற்றில் வந்து நிற்கிறது. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வரும் முறுக்கலுக்குப் பல நேரம் குறிப்பிட்ட உணவு காரணமே இல்லை. வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது எல்லோருக்கும் இயல்பு, இவர்களுக்கு அது வலிக்கிறது. அள்ளித் தின்றாலும் எண்ணெய் அதிகமானாலும் அந்த அசைவு கூடும். வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு ஆகியவற்றில் உள்ள செரிக்காத சர்க்கரைகளோ பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகப் பல மணி நேரம் ஆகும். நேற்று இரவுச் சாப்பாட்டின் வலி இன்று காலையில் வரலாம்.

ஆகவே ஒரு 40 பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, 2 முதல் 4 வாரம் எழுதச் சொல்லுங்கள். பிள்ளையே எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம். சாப்பிட்ட நேரம், என்ன, எவ்வளவு (இரண்டு இட்லி, ஒரு டம்ளர் டீ என்று), வலி வந்த நேரம், 0 முதல் 10 வரை அதன் அளவு, மலம் எப்படி இருந்தது, முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், அன்று டெஸ்ட், சண்டை, திட்டு ஏதாவது உண்டா. மலத்துக்கு 1 முதல் 7 வரை எண் போடும் பிரிஸ்டல் அட்டவணை இருக்கிறது. புழுக்கைபோல உருண்டையாக வந்தால் 1, மிருதுவாக நீளமாக வந்தால் 4, வெறும் தண்ணீர் என்றால் 7. பெண் பிள்ளைகள் மாதவிலக்கு நாட்களையும் குறிக்க வேண்டும். அந்த நாட்களில் குடலும் கூடவே இளகும். அந்த வலிக்கு உணவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

நோட்டில் ஒரே பொருள் மூன்று நான்கு தடவை வலிக்கு முன்னால் வந்தால்தான் சந்தேகப்படலாம். அப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதியுங்கள். பால் என்றால் 2 வாரம் பாலும் பால் டீயும் நிறுத்துங்கள். பிறகு சாப்பாட்டோடு முதல் நாள் 50 மில்லி, அடுத்த நாள் 100, மூன்றாம் நாள் 200 கொடுங்கள். எந்த அளவில் வலி திரும்புகிறதோ அதற்குக் கீழே இருப்பது அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளும் அளவு. நிறுத்தியும் மாற்றம் இல்லையென்றால் பாலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும், அதிலுள்ள நுண்ணுயிர்கள் பால் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. பாலைக் குறைத்தால் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் முள்ளோடு தின்னும் நெத்திலியும் தட்டில் இருக்கட்டும்.

நம் பக்கத்துச் சாப்பாட்டில் சிலவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பரோட்டா, சால்னா தின்றுவிட்டு வலித்தால் அதில் மைதா, எண்ணெய், வெங்காயம், காரம் என நான்கு பேர்மேல் சந்தேகம். வீட்டில் காரமில்லாத சப்பாத்தி கொடுத்துப் பார்த்தால் கோதுமையா இல்லையா என்று தெரியும். கப்பக்கிழங்கில் (மரவள்ளி) பெரும்பாலும் கிழங்கைவிட, கூட வரும் காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் அரைத்த சம்மந்தித் துவையல்தான் வேலையைக் காட்டும். புட்டுக்குக் கடலைக்கறி வைக்கிறவர்கள் கடலையை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவையுங்கள். வாயுவை உண்டாக்கும் சர்க்கரை கொஞ்சம் அதோடு போய்விடும். பூண்டைத் தட்டி எண்ணெயில் பொரித்து எடுத்துவிட்டால் மணம் எண்ணெயில் நிற்கும். வயிற்றைப் படுத்தும் சர்க்கரை எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் குழம்பு ஊற்றுமுன் பூண்டை எடுத்துவிட வேண்டும். மாம்பழம், தர்ப்பூசணி இரண்டும் அளவு மீறினால் பலருக்குத் தொந்தரவு. தோட்டத்துப் பன்னீர் திராட்சையை வெறும் வயிற்றில் கொத்துக் கொத்தாகத் தின்பதும் அப்படியே. கொஞ்சம் பழம் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பாட்டில் சோடாவும் கலர் பானங்களும் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு, பால் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தும் உணவுமுறையை மொபைலில் பார்த்து வீட்டிலேயே தொடங்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய அந்த முறை சில வாரங்களுக்கு மட்டுமானது. பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்க்க வேண்டும். வளரும் வயதில் உணவியல் நிபுணர் பக்கத்தில் இல்லாமல் செய்தால் எடையும் உயரமும் அடிவாங்கும்.

உணவைவிடப் பெரிய காரணமாக எனக்குப் படுவது காலை நேரம்தான். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புக்காக அம்மா விடியுமுன் சமைத்து வைத்துவிட்டுப் போகிறார். பிள்ளை கடைசி நிமிடத்தில் எழுந்து, ஒரு டம்ளர் டீயோடு ஓடிவருகிறது. மத்தியானம் வரை வெறும் வயிறு, பிறகு ஒரேயடியாக நிறையச் சாப்பாடு. அரை மணி நேரம் முன்னால் எழுப்புங்கள், அல்லது எழுப்பச் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, 10 நிமிடம் அவசரமில்லாமல் கழிப்பறையில் உட்காரட்டும். மலத்தை அடக்கும் பழக்கம் இந்த நோயை முற்றவைக்கும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கேஸ் மாத்திரையும் வலி மாத்திரையும் இதற்குத் தீர்வில்லை. பேதியை நிறுத்தும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தரவே கூடாது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரும் பூச்சி மாத்திரை அவசியம், ஆனால் மாதாமாதம் கொடுத்தால் இந்த வலி போகாது. குடல் ஏறிவிட்டது என்று வயிற்றை அழுத்தித் தடவ விடாதீர்கள். குடல்வால் வீக்கமாக இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. மலச்சிக்கல் இருந்தால் டாக்டர் சொல்லும் அளவில் இசப்கோல் உதவும், முழு டம்ளர் தண்ணீரோடு எடுக்க வேண்டும். கோதுமைத் தவிடு வலியைக் கூட்டலாம்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். தினமும் காலையில் 'இன்னைக்கு வலிக்குதா?' என்று கேட்காதீர்கள். கேட்கக் கேட்கக் கவனம் வயிற்றிலேயே நிற்கும். பிள்ளை தானாகச் சொன்னால் நம்புங்கள், வெந்நீர்ப் பை கொடுங்கள், பிறகு பள்ளிக்கு அனுப்புங்கள். வீட்டில் நிறுத்தினால் அன்றைக்கு நிம்மதி, மறுநாள் பயம் கூடுகிறது. காலையும் இரவும் 5 நிமிடம், 4 எண்ணும் வரை மூச்சை வயிறு உப்ப இழுத்து, 6 எண்ணும் வரை விடும் பயிற்சியைப் பழக்குங்கள். வலி வந்த பிறகு தொடங்கினால் பயன் குறைவு, தினமும் செய்திருக்க வேண்டும்.

பள்ளியில் செய்யப்போவது இது. டாக்டர் சீட்டு காட்டும் மாணவருக்கு ஒரு அட்டை தருவோம். அதை மேசைமேல் வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் கழிப்பறைக்குப் போகலாம். வகுப்பிலும் பள்ளித் தேர்வுகளிலும் கதவுப் பக்கம் இடம் கிடைக்கும். 10 மணிக்கு வந்தாலும் கேள்வி கேட்காமல் உள்ளே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சத்துணவில் கடலை, பயறு வரும் நாளில் வேண்டாம் என்று சொன்னால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். விவரம் வகுப்பாசிரியரையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் போகாது.

நோட்டுக்கான மாதிரிப் பக்கம் வகுப்பாசிரியரிடம் இருக்கிறது. இரண்டு வாரம் எழுதி முடித்ததும் அதை டாக்டரிடம் எடுத்துப் போங்கள். தோட்ட வேலையால் பகலில் வர முடியாதவர்கள் மாலை 6 மணிக்கு மேல் வகுப்பாசிரியருக்குப் போன் செய்யலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்